கடைசி 200 மீட்டர்: யாரும் விழவில்லை என்றால் தவறே இல்லையா?

2024 ஜூலை 4ஆம் தேதி டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 6ஆம் நாள் ஓட்டம் டிஜோன் நகரத்தில் முடிந்தது. முடிவுக் கோட்டை நெருங்கும்போது பெல்ஜிய வீரர் யாஸ்பர் பிலிப்சன் இருக்கையை விட்டு எழுந்து முழு மூச்சாக மிதிக்கத் தொடங்கினார். மிதித்த வேகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாலையின் ஓரத்துக்கு ஒதுங்கினார். அந்த ஓரத்தில், அவருக்கும் தடுப்புக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் வௌட் வான் ஆர்ட் வந்துகொண்டிருந்தார். இடைவெளி சுருங்கியது. வான் ஆர்ட் மிதிப்பதை நிறுத்திவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் விழவில்லை. பிலிப்சன் இரண்டாவதாகக் கோட்டைத் தொட்டார். சற்று நேரத்தில் நடுவர்கள் அவரை அந்தக் கூட்டத்தின் கடைசி இடத்துக்குத் தள்ளினார்கள்.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லையே, எதற்குத் தண்டனை என்று கேட்கத் தோன்றும். யாருக்கும் ஒன்றும் ஆகாதபோதே கொடுத்தார்கள் என்பதால்தான் அது நல்ல தீர்ப்பு என்பேன். தொழில்முறை சைக்கிள் பந்தயம் நெடுங்காலமாக இதற்கு நேர்மாறாக நடந்துவந்தது. ஒருவர் பாதை மாறியது எவ்வளவு பெரிய தவறு என்பதை, அதனால் இன்னொருவருக்கு எத்தனை எலும்பு முறிந்தது என்பதை வைத்து அளந்தது. இப்போதுதான் அந்தப் பழக்கத்திலிருந்து மெல்ல வெளியே வருகிறது. முழுவதும் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

இதைப் புரிந்துகொள்ள, அந்தக் கடைசி நொடிகளில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஸ்பிரின்ட், அதாவது கோட்டை நோக்கிய கடைசிப் பாய்ச்சல், என்றால் யார் அதிக பலத்தோடு மிதிக்கிறார் என்ற போட்டி என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. மீதியைக் காற்று முடிவு செய்கிறது. வேகம் இரண்டு மடங்கானால், காற்றைக் கிழித்துப் போகக் காலில் தேவைப்படும் திறன் ஏறக்குறைய எட்டு மடங்காகிவிடும். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் அந்தச் சுமையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும். அதனால்தான் ஒரு அணியின் வீரர்கள் வரிசையாக முன்னால் வந்து, ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் பலத்தைக் கரைத்துவிட்டு ஒதுங்குகிறார்கள். இதற்கு லீட்-அவுட் என்று பெயர். கடைசி ஆளும் ஒதுங்கியபின், 200 அல்லது 250 மீட்டர் இருக்கும்போது, அதுவரை முன்னவர்களின் முதுகு நிழலில் வந்த ஸ்பிரின்டர் காற்றுக்கு எதிரே வெளியே வருகிறார். சீக்கிரம் வெளியே வந்தால் கோட்டுக்கு முன்பே மூச்சு தீர்ந்துவிடும். தாமதித்தால் முன்னால் இருப்பவர்கள் வழியை அடைத்துவிடுவார்கள்.

அந்த நேரத்தில் வேகம் சமதளத்தில் மணிக்கு 65 முதல் 70 கிலோமீட்டர். 70 என்றே வைத்துக்கொள்வோம். நொடிக்கு 19 மீட்டருக்கு மேல் நகர்கிறார்கள், 200 மீட்டர் பத்தே நொடியில் முடிந்துவிடுகிறது. தலை ஹேண்டில்பாருக்குக் கிட்டத்தட்ட சமமாகத் தாழ்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரிவது முன்னால் ஒரு சக்கரம், பக்கத்தில் ஒரு தோள், கொஞ்சம் தார்ச்சாலை. ஒவ்வொரு மிதிக்கும் சைக்கிள் இடமும் வலமும் சாய்ந்து ஆடும். அந்த ஆட்டத்தில் யாராலும் நூல் பிடித்தாற்போல நேராகப் போக முடியாது.

ஒரு சின்ன விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். முன்னால் போகிறவரின் பின் சக்கரமும் பின்னால் வருகிறவரின் முன் சக்கரமும் உரசினால், பெரும்பாலும் விழுகிறவர் பின்னால் வருகிறவர்தான். பின் சக்கரம் தட்டுப்பட்டால் சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நேராகிவிடும். முன் சக்கரம் திசையைப் பிடிக்கும் சக்கரம். அது ஒரு பக்கம் சிக்கிக்கொண்டால் உடம்பைச் சமாளிக்க வழியே இல்லை. ஆக, முன்னால் போகிறவர் பாதை மாறினால் ஆபத்து அவருக்குக் குறைவு, விலை கொடுப்பது இன்னொருவர். லாபமோ முன்னால் போகிறவருக்கு. பின்னால் வருகிறவர் பிரேக்கைத் தொட வேண்டும், அல்லது சுற்றிக்கொண்டு போக வேண்டும். பத்து நொடி ஓட்டத்தில் ஒரு நொடி மிதிப்பது நின்றால் ஆட்டம் முடிந்தது.

விதி எழுதப்பட்டிருப்பது இந்த ஏற்றத்தாழ்வுக்காகத்தான். சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐயின் விதிப்படி, ஸ்பிரின்டைத் தொடங்கும்போது ஒருவர் எந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தாரோ அதிலிருந்து விலகி மற்றவர்களுக்கு ஆபத்து உண்டாக்கக் கூடாது. ஒரே வாக்கியம்தான். ஆனால் அதற்குள் இருக்கும் சிக்கல்கள் கொஞ்சமல்ல. தொடங்கும்போது என்றால் எந்த நொடி? எழுந்து நின்றபோதா, முன்னவரின் நிழலைவிட்டு வெளியே வந்தபோதா? சாலை வளைந்தால் நேர்ப்பாதை எது? பக்கத்தில் ஆளே இல்லாதபோது ஒருவர் சாலையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போனால் அது தவறில்லை, ஏனென்றால் ஆபத்து உண்டாகவில்லை. அதே நகர்வை ஒருவரின் தோள் பக்கத்தில் இருக்கும்போது செய்தால் தவறு. ஸ்பிரின்ட் தொடங்குவதற்கு முன்பு இடம் பிடிக்க முண்டியடிப்பதை இந்த வாக்கியம் தொடுவதே இல்லை.

எழுதாத சட்டமும் ஒன்று உண்டு. தோளோடு தோள் உரசுவது தொழிலின் பகுதி. முழங்கையை லேசாக விரித்து என் இடம் இது என்று காட்டுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கை ஹேண்டில்பாரை விட்டு இறங்கி இன்னொருவர் மேல் பட்டால் அது எல்லை தாண்டியது. தலையால் முட்டுவதும் அப்படித்தான். 2010 டூரில் பூர்-லே-வலான்ஸ் நகரத்தில் மார்க் ரென்ஷா என்ற ஆஸ்திரேலியர், தன் அணியின் மார்க் கேவண்டிஷுக்கு லீட்-அவுட் கொடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நெருக்கிய ஜூலியன் டீனைத் தலையால் திரும்பத் திரும்ப முட்டினார். எல்லோருக்கும் நினைவிருப்பது அந்த முட்டல்தான். எனக்கு அதைவிடக் கவலை தருவது அடுத்து அவர் செய்தது. தன் வேலை முடிந்தபின் பக்கவாட்டில் பார்த்துவிட்டு, வேகமாக வந்த டைலர் ஃபாரரின் பாதைக்குள் நகர்ந்தார். கேவண்டிஷ் வென்றார், ரென்ஷாவைப் பந்தயத்திலிருந்தே வெளியேற்றினார்கள். அன்றும் யாரும் விழவில்லை. ஆனால் தலையால் முட்டுவது தொலைக்காட்சியில் எல்லோருக்கும் தெளிவாகத் தெரியும் தவறு, அதனால் கடுமையாக நடந்துகொள்வது சுலபம். வெறும் பாதை மாறல் அப்படித் தெரிவதில்லை. யாராவது விழுந்தால்தான் அது கண்ணில் படுகிறது.

இதற்கு 2017 ஜூலை 4, டூரின் விட்டெல் நகரத்து ஸ்பிரின்டைவிட நல்ல உதாரணம் கிடையாது. உலக சாம்பியனாக இருந்த பீட்டர் சாகனுக்கும் ஓரத்தடுப்புக்கும் நடுவே கேவண்டிஷ் நுழைந்தார். இடம் போதவில்லை. தடுப்பில் மோதி விழுந்தார், தோள்பட்டை எலும்பு முறிந்தது. சாகனின் முழங்கை வெளியே நீண்டிருந்தது படத்தில் பளிச்சென்று தெரிந்தது. நடுவர்கள் முதலில் கொடுத்த தண்டனை, கடைசி இடத்துக்குத் தள்ளல், 30 நொடி அபராதம், புள்ளிகளில் முதலிடம் பிடிப்பவருக்குக் கிடைக்கும் பச்சை ஜெர்சிக்கான கணக்கில் 80 புள்ளி கழிப்பு. கொஞ்ச நேரம் கழித்து அதை மாற்றிப் பந்தயத்திலிருந்தே நீக்கினார்கள். அப்புறம் வேறு கோணத்துப் படங்களை மெதுவாக ஓட்டிப் பார்த்தவர்கள், முழங்கை நீளும் முன்பே கேவண்டிஷ் சரியத் தொடங்கிவிட்டார் என்றார்கள். வழக்கு விளையாட்டுத் தீர்ப்பாயம் வரை போனது. அதே ஆண்டு டிசம்பரில் இரு தரப்பும் சமாதானமாகி, அது வேண்டுமென்று செய்யாத துரதிர்ஷ்டமான சம்பவம் என்று அறிவித்தன. 2012 முதல் 2016 வரை தொடர்ந்து ஐந்து முறை பச்சை ஜெர்சி வென்றவருக்கு அந்த ஆண்டு ஜெர்சி திரும்பக் கிடைக்கவா போகிறது? இல்லை. கிடைத்த ஒரே நன்மை, அடுத்த ஆண்டு முதல் பெரிய பந்தயங்களில் வீடியோவைப் பார்ப்பதற்கென்றே ஒரு நடுவரை யூசிஐ வைத்தது.

ஒரே மாலையில் ஒரே செயலுக்கு இரண்டு தண்டனைகள். நடுவில் சாகன் புதிதாக எதையும் செய்துவிடவில்லை.

விழுந்தவர் நீதி கேட்டு வெளியே போன கதையும் இருக்கிறது. 1988 உலக சாம்பியன் போட்டி பெல்ஜியத்தின் ரோன்ஸே நகரத்தில் நடந்தது. சொந்த நாட்டுக் கூட்டத்தின் முன்னால் கடைசி மீட்டர்களில் கிளோத் கிரிக்கெலியோன், கனடாவின் ஸ்டீவ் பாவருக்கும் தடுப்புக்கும் நடுவே புகுந்து விழுந்தார். பின்னால் வந்த இத்தாலியர் மௌரிட்சியோ ஃபோன்ட்ரியெஸ்ட் சாம்பியனாகிவிட்டார். பாவரை நீக்கினார்கள். கிரிக்கெலியோன் அதோடு விடாமல் நீதிமன்றத்தில் பெரும் இழப்பீடு கேட்டார். பல ஆண்டுகள் இழுத்தபின் தீர்ப்பு பாவர் பக்கம் வந்தது.

சரி, காட்டோவீட்சேவுக்கு வருவோம். ஸ்பிரின்ட் ஒழுங்கு பற்றிய எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும்.

2020 ஆகஸ்ட் 5. கொரோனாவால் மாதக்கணக்கில் நின்றுபோன பந்தயங்கள் மறுபடி தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. போலந்து சுற்றுப் பந்தயத்தின் முதல் நாள் ஓட்டம் காட்டோவீட்சே நகரத்தில் முடிந்தது. அந்த முடிவிடம் இறக்கத்தில் இருந்தது. சமதளத்தில் 65, 70 என்று போகிறவர்கள் அங்கே மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்தார்கள். பல ஆண்டுகளாக அதே இடத்தில்தான் ஓட்டம் முடிந்துவந்தது. இறக்கத்தில் ஸ்பிரின்ட் வைக்காதீர்கள் என்று வீரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள்.

முன்னால் டிலன் க்ரூனவேகன், 27 வயது. அவரைத் தாண்ட வந்தவர் ஃபாபியோ யாகோப்சன், 23 வயது, நெதர்லாந்தின் தேசிய சாம்பியன். இருவரும் ஒரே நாட்டுக்காரர்கள். யாகோப்சன் ஓரமாக ஏறி வர, க்ரூனவேகன் அந்தப் பக்கமே நகர்ந்து நகர்ந்து வந்தார். முழங்கையும் விரிந்தது. தடுப்புக்கும் அவருக்கும் நடுவே இருந்த இடம் ஒரு ஆள் அகலமாகி, அதுவும் இல்லாமல் போனது. யாகோப்சன் தடுப்பின் மேல் பாய்ந்தார். தடுப்புத் தட்டிகள் பிய்த்துக்கொண்டு காற்றில் பறந்தன. கோட்டருகே நின்ற பந்தய அலுவலர் ஒருவரும் பலத்த காயம் அடைந்தார். க்ரூனவேகன் முதலாவதாகக் கோட்டைத் தாண்டி, தானும் விழுந்து காரை எலும்பை முறித்துக்கொண்டார். யாகோப்சனின் அணித்தோழர் ஃபுளோரியான் செனெஷால் சைக்கிளை விட்டுவிட்டு ரத்த வெள்ளத்தில் கிடந்தவரிடம் போய் அவரைப் பிடித்துக்கொண்டார்.

மருத்துவர்கள் யாகோப்சனைச் செயற்கை மயக்கத்தில் வைத்து மணிக்கணக்கில் அறுவை சிகிச்சை செய்தார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் கண் விழித்தார். முகத்தில் 130 தையல். வாயில் மிஞ்சியது ஒரே ஒரு பல். தாடையைக் கட்ட இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டியிருந்தது. பந்தய ஏட்டில் அந்த நாளின் வெற்றியாளர் யாகோப்சன், ஏனென்றால் க்ரூனவேகனை நீக்கிவிட்டார்கள்.

க்ரூனவேகன் பாதை மாறியது தவறு. அதில் எனக்கு ஐயமே இல்லை, அவரும் மறுக்கவில்லை. அந்த நவம்பரில் யூசிஐ அவருக்கு, சம்பவ நாளிலிருந்து கணக்கிட்டு 2021 மே 7 வரை, ஒன்பது மாதத் தடை விதித்தது. ஸ்பிரின்ட் தவறு ஒன்றுக்கு அவ்வளவு நீண்ட தடை வழக்கத்திலேயே இல்லாதது. தடையைவிடக் கொடியது வெளியிலிருந்து வந்தது. கொலை மிரட்டல்கள் வந்து, வீட்டுக்குப் போலீஸ் பாதுகாப்புப் போட வேண்டியிருந்தது.

ஆனால் இதே அளவு விலகல் அதற்கு முன்பு எத்தனையோ ஸ்பிரின்டில் நடந்திருக்கிறது. பின்னால் வந்தவர் பிரேக் பிடித்துத் தப்பியிருப்பார். நடுவர்கள் கடைசி இடத்துக்குத் தள்ளி, சில நூறு சுவிஸ் ஃபிராங்க் அபராதம் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பார்கள். சில சமயம் அதுவும் இருக்காது. க்ரூனவேகன் அன்று செய்தது, பல வருடங்களாகச் சின்னத் தவறு என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட ஒன்று. அது சின்னத் தவறு இல்லை என்று விளையாட்டு அவருக்குச் சொன்னது, யாகோப்சன் மயக்கத்தில் கிடந்தபின்தான். இது அவரைக் காப்பாற்றும் வாதம் இல்லை. ஒன்பது மாதம் சரியென்றால், யாரும் விழாத அத்தனை நாளும் மௌனமாக இருந்தது தவறு.

அப்புறம் சாலை. மணிக்கு 80 கிலோமீட்டர் வரும் இறக்கத்தில் முடிவுக் கோட்டைப் போட்டவருக்கு என்ன தண்டனை? மோதினால் தாங்காமல் பறக்கும் தட்டிகளை வைத்தவருக்கு? ஒன்பது மாதம் என்று யாருக்கும் எதுவும் வரவில்லை. தடுப்புகளின் கதை பழையது. 1991இல் பாரிஸின் ஷான்ஸ் எலிசேயில், பச்சை ஜெர்சியோடு வந்த ஜமாலிதீன் அப்துஜபாரோவ் தானாகவே ஓரத்துக்கு விலகித் தடுப்பில் மோதித் தூக்கி எறியப்பட்டார். கோட்டை நடந்துதான் தாண்டினார். 1994இல் ஆர்மான்டியேரில் புகைப்படம் எடுக்க ஓடுபாதைக்குள் நீட்டி நின்ற ஒரு போலீஸ்காரர் மேல் வில்ஃப்ரீட் நெலிசன் மோத, லோரான் ஜலபேரும் சேர்ந்து நொறுங்கினார். அந்த விபத்தில் எந்த வீரரும் பாதை மாறவே இல்லை.

காட்டோவீட்சேக்குப் பிறகுதான் இந்தப் பக்கம் கொஞ்சம் வேலை நடந்தது. 2021இல் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பந்தயங்களில், மோதியவர் வழுக்கிக்கொண்டு போகும்படி சாய்வான முகப்பும், வெளியே கால் நீட்டாத அடிப்பகுதியும் கொண்ட தடுப்புகள் வந்தன. 2023இல் அணிகள், வீரர்கள், அமைப்பாளர்கள், யூசிஐ எல்லாரும் சேர்ந்து பாதுகாப்புக்கென்று சேஃப்-ஆர் என்ற தனி அமைப்பை உண்டாக்கினார்கள். கடைசி 3 கிலோமீட்டருக்குள் விழுந்தால் நேர இழப்பு இல்லை என்ற பழைய விதியை, தேவைப்படும் நாட்களில் 5 கிலோமீட்டர் வரை நீட்டவும் வழி செய்தார்கள். மொத்த நேரத்துக்காக ஓடும் மலை வீரர்கள் ஸ்பிரின்டர்களின் கூட்டத்துக்குள் நின்று நெருக்கத் தேவையில்லாமல் போகட்டும் என்பதற்காக.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது மஞ்சள் அட்டை. 2024 ஆகஸ்டில் சோதனையாகத் தொடங்கி 2025 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. ஒரே பந்தயத்தில் இரண்டு அட்டை வாங்கினால் வெளியேற்றம், அதோடு 7 நாள் தடை. 30 நாளில் மூன்று என்றால் 14 நாள். ஓராண்டில் ஆறு என்றால் 30 நாள். இதில் எலும்பு முறிவுக்கு இடமே இல்லை என்பதுதான் விஷயம். பாதை மாறினால் அட்டை, விழுந்தாலும் விழாவிட்டாலும். லீட்-அவுட் வேலையை முடித்துவிட்டு நடுச்சாலையில் மெதுவாகிக் கையைத் தூக்கிக் கொண்டாடுகிறவருக்கும் அட்டை உண்டு. அவரால் பின்னால் 70இல் வருகிற நூறு பேருக்கு ஆபத்து என்பதை இதற்கு முன்பு யாரும் பெரிய தவறாக எண்ணியதில்லை.

இதுவும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. 2025 டூரின் 3ஆம் நாள், இஸ்பெர்க் என்ற ஊரில், வழியில் புள்ளிகளுக்காக நடக்கும் இடைநிலை ஸ்பிரின்ட். கூட்டத்தில் லாரன்ஸ் ரெக்ஸ் உரச, பிரையன் கோகார் நிலைகுலைந்து பக்கத்தில் சாய, அவர் மேல் மோதித் தரையில் விழுந்தவர் அதே யாஸ்பர் பிலிப்சன். பச்சை ஜெர்சியோடு வந்தவர் காரை எலும்பு முறிந்து வீட்டுக்குப் போனார். அட்டை கோகாருக்கு. தள்ளப்பட்டவர்தானே தள்ளினார், அவர் என்ன செய்வார் என்று அன்று பலருக்கும் தோன்றியது, எனக்கும்தான். ஒரு நொடிக்குள் மூன்று தோள்கள் உரசும்போது தவறு யாருடையது என்று பிரித்தெடுப்பது எந்த வீடியோவாலும் முழுதாக முடியாது. ஆனாலும் கோகார் மறுநாளும் ஓடினார். விழுந்தவரின் காயத்தைப் பார்த்து ஆத்திரத்தில் அவரை வெளியேற்றவில்லை. விட்டெல் அன்று இல்லாத நிதானம் இது.

யாகோப்சன் எட்டே மாதத்தில், 2021 ஏப்ரலில், துருக்கியில் மறுபடி சைக்கிள் ஏறினார். கூட்டத்துக்குள் நுழைய முதலில் பயமாக இருந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. அந்த ஆண்டே ஸ்பெயின் சுற்றில் மூன்று நாள் வென்று பச்சை ஜெர்சியும் எடுத்தார். க்ரூனவேகன் தடை முடிந்த மறுநாளே இத்தாலி சுற்றில் தொடங்கினார். 2022 டூர் டென்மார்க்கில் ஆரம்பித்தபோது, ஜூலை 2ஆம் தேதி நைபோர்கில் வென்றவர் யாகோப்சன். மறுநாள் சோண்டர்போர்கில் வென்றவர் க்ரூனவேகன்.

தொடக்கத்தில் சொன்ன டிஜோன் ஸ்பிரின்டில் பிலிப்சனுக்கு முன்னால் முதலாவதாகக் கோட்டைத் தொட்டவரும் டிலன் க்ரூனவேகன்தான். அன்று அவர் போட்டிருந்தது நெதர்லாந்து சாம்பியனின் சிவப்பு, வெள்ளை, நீலச் சட்டை. காட்டோவீட்சேயில் யாகோப்சன் போட்டிருந்த அதே சட்டை.